கூரைக்குள் கால்பந்து: அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணியின் வரலாறு

முட்டை வடிவத் தோல் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் முன்னோக்கி எறிந்தும் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்க முயலும் அமெரிக்கக் கால்பந்து மிகுந்த இடம் கேட்கும் ஆட்டம். இரு முனைகளிலும் உள்ள இலக்குப் பகுதிகளைச் சேர்த்தால் அதன் மைதானம் 360 அடி நீளமும் 160 அடி அகலமும் கொண்டது. அணிக்கு 11 பேர் ஒரே நேரத்தில் களத்தில் நிற்பார்கள். இதை ஒரு கூரைக்கடியில் ஆட வேண்டுமானால் மண்டபத்தைப் பெரிதாக்க வேண்டும், இல்லையேல் ஆட்டத்தைச் சுருக்க வேண்டும். உள்ளரங்கக் கால்பந்து இரண்டாவது வழியில் பிறந்தது. அமெரிக்காவின் நடுத்தர நகரங்களிலெல்லாம் 200 அடிக்கு 85 அடி அளவில் பனி ஹாக்கித் தளம் கொண்ட அரங்குகள் இருந்தன. ஹாக்கியும் கூடைப்பந்தும் ஓய்ந்த கோடையில் அவை பெரும்பாலும் சும்மா கிடந்தன. அந்தத் தளத்துக்குள் அடங்கும்படி வெட்டித் தைக்கப்பட்டதே இந்த ஆட்டம்.

அதை வடிவமைத்த ஜிம் ஃபாஸ்டர், 1981இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் உள்ளரங்கச் சாக்கர் போட்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கையிலிருந்த காகித உறையின் மேல் தம் ஆட்டத்தின் முதல் வரைபடத்தைப் போட்டார். 1986இல் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகரில் சோதனை ஆட்டம் நடந்தது; 1987இல் நான்கே அணிகளுடன் அரீனா கால்பந்து லீக் தொடங்கியது. விளையாட்டுகளுக்குக் காப்புரிமை பெறுவது அரிது என்றாலும், ஃபாஸ்டர் தம் ஆட்டமுறைக்கு 1990இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அந்த ஆவணம் பின்னாளில் பல அணிகளின் போக்கைத் தீர்மானித்தது.

காப்புரிமையின் உயிர்நாடி வலைதான். களத்தின் நீளம் 50 கெஜம், அகலம் 85 அடி, முனைக்கு 8 கெஜம் வீதம் இலக்குப் பகுதி; ஆக மொத்தம் 198 அடி, அதாவது ஹாக்கித் தளத்தின் நீளத்தில் இரண்டு அடி மட்டுமே மிச்சம். இலக்குக் கம்பங்களின் இடைவெளி வழக்கமான பதினெட்டரை அடியிலிருந்து 9 அடியாகக் குறுக்கப்பட்டது. கம்பங்களின் இரு பக்கமும் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் தொடங்கி 32 அடி உயரத்துக்கு எழும் 30 அடி அகல வலைகள் இழுத்துக் கட்டப்பட்டன. திறந்தவெளி ஆட்டத்தில் குறி தவறி உதைக்கப்பட்ட பந்து களத்துக்கு அப்பால் விழுந்தால் அத்தோடு அந்த முயற்சி முடிந்துவிடும். இங்கே அப்படியில்லை. வலையில் பட்ட பந்து கேரம் பலகையின் விளிம்பில் மோதிய காய் போலக் களத்துக்கே திரும்பும். அது இன்னும் ஆட்டத்தில் உள்ள பந்து என்பதால் இரு அணியினரும் அதற்குப் பாயலாம். காத்திருந்த எதிரணி வீரர் அதைப் பிடித்து மறுமுனை வரை ஓடி டச்டவுன் எனப்படும் ஆறு புள்ளிகளை எடுத்துவிட்டால், மூன்று புள்ளிக்காக உதைத்த அணி ஆறைப் பறிகொடுத்து நிற்கும். பக்கவாட்டிலும் வெற்றிடம் கிடையாது: பஞ்சு மெத்தை போர்த்திய இடுப்புயரத் தடுப்புச் சுவர்தான் எல்லை, அதன் மறுபுறம் முதல் வரிசை இருக்கை. ஓடிவந்த வீரர் சுவர் தாண்டி ரசிகரின் மடியில் விழுவதும் உண்டு. நுழைவுச்சீட்டு விற்பவர்கள் அதை ஒரு குறையாகக் கருதியதில்லை.

அணிக்கு எட்டுப் பேர். அவர்களிலும் பெரும்பாலோர் தாக்குதல், தடுப்பு இரண்டும் ஆட வேண்டும் என்ற ‘இரும்பு மனிதன்’ விதி 2007 வரை நீடித்தது. தாக்கும் அணி தன் கடைசி வாய்ப்பான நான்காம் முயற்சியில் பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணியைப் பின்தள்ளும் வழக்கத்துக்கு இங்கே தடை. இவையெல்லாம் ஆட்டத்தை விறுவிறுப்பாக்கச் செய்த ஏற்பாடுகளாகத் தோன்றினாலும், குறைந்த ஆட்கள், குறைந்த சம்பளப் பட்டியல், ஏற்கெனவே கட்டி நிற்கும் மண்டபம் என்ற சிக்கனக் கணக்கும் அவற்றினுள் இருந்ததை மறுக்க முடியாது.

இந்தக் கணக்கு பொருந்திய ஊர்களில் ஒன்று அயோவா மாநிலத் தலைநகர் டி மொயின். சோளமும் பன்றிப் பண்ணைகளும் நிறைந்த அம்மாநிலத்தில் முதல்நிலைத் தொழில்முறை அணி எந்த விளையாட்டிலும் கிடையாது. ஆனால் 1955இல் திறக்கப்பட்ட போர்வீரர் நினைவு அரங்கம் இருந்தது. பள்ளி மாணவியரின் கூடைப்பந்துப் போட்டிக்கே பதினோராயிரம் இருக்கைகளையும் நிரப்பிப் பழகிய அந்த மண்டபத்தை ஊரார் ‘களஞ்சியம்’ என்ற பொருள்படும் ‘பார்ன்’ என்ற செல்லப்பெயரால் அழைத்தனர். 1995இல் ஃபாஸ்டரே அங்கு ஓர் அணியைத் தொடங்கி, 1920களில் பண்ணை நிலங்களில் சிறு விமானங்களை இறக்கி வான்சாகசம் காட்டிய விமானிகளின் பெயரான ‘பார்ன்ஸ்டார்மர்ஸ்’ என்பதைச் சூட்டினார். பயிற்சியாளர் ஜான் கிரிகரி.

அணியின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை முதலில் பெற்று யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவெடுக்கும் வீரர், கர்ட் வார்னர் என்ற அயோவாக்காரர். தேசியக் கால்பந்து லீக்கின் கிரீன் பே பேக்கர்ஸ் அணி 1994இல் பயிற்சி முகாமிலேயே அவரை விடுவித்துவிட, சீடர் ஃபால்ஸ் நகரின் ஹை-வீ மளிகைக் கடையில் மணிக்கு ஐந்தரை டாலர் கூலிக்கு இரவில் அலமாரிகளில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தவர் அவர். உள்ளரங்க ஆட்டத்தில் தாக்கும் அணியின் ஒரு வீரர் ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் முன்பே எதிரணியை நோக்கி ஓடத் தொடங்கலாம். ஆகவே பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்கு வரும்போதே அந்த வீரர் முழு வேகத்தில் இருப்பார். களமோ குறுகியது, தடுப்பாளர்களோ கைக்கெட்டும் தூரத்தில். ஓரிரு நொடிக்குள் பந்தைக் கைவிடாத குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார். மூன்று பருவங்கள் இந்த நெருக்கடியில் பழகிய வார்னர், 1999இல் தேசிய லீக்கின் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் முதல்நிலைக் குவார்ட்டர்பேக் காயமுற்றதால் அந்த இடத்துக்கு வந்து, 41 டச்டவுன் எறிதல்களுடன் லீக்கின் சிறந்த வீரராகத் தேர்வானார்; 2000 ஜனவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதியாட்டத்தில் 414 கெஜம் எறிந்து அணியை வெல்லவும் வைத்தார். உள்ளரங்க லீக்குகள் இன்றும் இளைஞர்களிடம் இந்தக் கதையைத்தான் சொல்கின்றன. ஆனால் வார்னர் விதிவிலக்கு. அவருடன் சுவரில் மோதி விழுந்தவர்களில் ஆகப் பெரும்பாலோர் பெரிய லீக்கின் வாசலை எட்டவில்லை என்பதே உண்மை நிலவரம்.

வார்னர் இருந்த காலத்திலும் அயோவாவுக்குக் கோப்பை கிட்டவில்லை. 1996 இறுதியாட்டம் சொந்த மண்டபத்திலேயே நடந்தும் டாம்பா பே ஸ்டார்ம் அணியிடம் 42–38 எனத் தோற்றது. மறு ஆண்டு அரிசோனா ராட்லர்ஸ் 55–33 என வென்றது. இந்தத் தோல்விகளைவிடப் பெரிய அடி கணக்கேட்டிலிருந்து வந்தது. அரீனா லீக் வளர வளர, பெருநகரத் தொலைக்காட்சிச் சந்தைமீது அதன் கண் விழுந்தது. அணி தொழிலதிபர் சார்ல்ஸ் வாங்கின் கைக்கு மாறி, 2000 பருவத்துக்குப் பின் நியூயார்க்கின் லாங் ஐலண்டுக்குப் பெயர்ந்து ‘நியூயார்க் டிராகன்ஸ்’ ஆயிற்று. அமெரிக்காவில் அணி என்பது ஊரின் சொத்தன்று, உரிமையாளரின் உரிமம். அதை எடுத்துக்கொண்டு அவர் வேறு ஊருக்குப் போகலாம். டி மொயினில் பெயரைத் தக்கவைக்க 2001இல் இரண்டாம் நிலை லீக்கில் ஓர் அணி ஆடி, ஒரே பருவத்தில் நின்றது.

2008இல், புதிதாகக் கட்டப்பட்டிருந்த வெல்ஸ் ஃபார்கோ அரங்கில், அதே பெயருடன் அணி மீண்டும் இரண்டாம் நிலை லீக்கில் தொடங்கப்பட்டது. விசித்திரம் என்னவென்றால், அயோவாவின் அணியைக் கொண்டுபோன அரீனா லீக் நிதிச் சுமை தாளாமல் 2009 பருவத்தையே ரத்து செய்தது, டிராகன்ஸ் அணி அதோடு மறைந்தது, 2010இல் லீக் புத்துயிர் பெற்றபோது அதில் அயோவா இடம்பெற்றது. எனினும் ஃபுளோரிடா முதல் கலிஃபோர்னியா வரை சிதறிக் கிடந்த எதிரணிகளைத் தேடிப் பறப்பது சிறு நகர அணிக்குக் கட்டுப்படியாகும் காரியமல்ல. 2015இல் அது அருகிலுள்ள சீடர் ராப்பிட்ஸ், சூ ஃபால்ஸ், கிரீன் பே போன்ற ஊர்களின் அணிகள் ஆடிய ‘உள்ளரங்கக் கால்பந்து லீக்’ என்ற வேறொரு லீக்குக்கு மாறியது.

அங்கே வலைகள் இல்லை. ஃபாஸ்டரின் காப்புரிமை 2007 வரை நடப்பில் இருந்ததால், போட்டி லீக்குகள் வலையின்றியே தம் விதிகளை வகுத்துக்கொண்டன. காலாவதியான பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. இப்படியாக, வலையைக் கண்டுபிடித்தவர் தொடங்கிய அணி வலையற்ற களத்துக்கு வந்து சேர்ந்தது. அந்த லீக்கின் இன்றைய விதிப்படி தொடக்க உதையையே கம்பங்களுக்கு இடையே செலுத்தினால் இரண்டு புள்ளி உண்டு. வலை இல்லாத குறையை உதைப்பவரின் குறியால் ஈடுகட்டும் ஏற்பாடு இது எனலாம். அந்த லீக்கிலேயே 2011 முதல் 2016 வரை தொடர்ந்து ஆறு பட்டங்கள் வென்றிருந்த சூ ஃபால்ஸ் ஸ்டார்ம் அணியை, 2018 ஜூலையில் தன் ரசிகர்கள் முன்னிலையில் 42–40 என வீழ்த்தி, தொடங்கி 23 ஆண்டுகளுக்குப் பின் அயோவா தன் முதல் லீக் பட்டத்தைப் பெற்றது.