நூல் எழுதப் புகுமுன்

ஒரு நூலாவது எழுதிவிட வேண்டும் என்னும் அவா நம்மவருட் பலர்க்கு உண்டு. ஆயினும் முதல் இரண்டு அத்தியாயங்களோடு நின்றுபோன கையெழுத்துப் பிரதிகளே வீட்டுப் பெட்டிகளில் மிகுதி. காரணம் சொல்வளம் இன்மை அன்று, திட்டம் இன்மையே. கதை எழுதுவோர்க்குக் கற்பனை கைகொடுக்கும். வரலாறும் தொழிலும் பற்றி எழுதுவோர்க்கோ முன்னேற்பாடே முதற் கருவி.

இது புதிய போதனை அன்று. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், நூலின் எல்லை யாது, பொருள் யாது, கேட்போர் யாவர், பயன் யாது என்பவற்றைப் பாயிரத்தின் உறுப்புக்களாக வகுத்தார். பாயிரம் முடிந்த நூலுக்கு உரியது. எனினும் அவ்வுறுப்புக்களைத் தொடங்குமுன்னரே வினாக்களாக்கிக் கொள்வது நலம் என்று நாம் மாணாக்கர்க்குக் கூறுவதுண்டு.

வல்வெட்டித்துறையையே எடுத்துக்கொள்வோம். இவ்வூரிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். புளோரன்ஸ் சி. றொபின்சன் என்னும் புதுப்பெயர் பூண்ட அக்கப்பல், வல்வைக் கடலோடிகளுடன் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து, 1938 ஓகஸ்ட் மாதத்தில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. இதனை நூலாக்க விரும்பும் இளைஞர் செய்யத்தக்கது யாது?

முதலில் எல்லை. ஒரு கப்பலின் கதையா, வல்வையின் கப்பற்றொழில் முழுவதுமா? இதைத் துணியாது தொடங்கினால், கப்பலில் ஏறிய நூல் கோயில் வரலாற்றிற் போய்த் தரைதட்டும். மற்றொன்று விரித்தல் என்று இலக்கணம் கடிந்த குற்றம் இதுவே.

அடுத்துக் கேட்போர். கடலறிந்த முதியவர்க்கு ஏரா என்றால் விளங்கும். நகரத்து மாணவிக்கு அது கப்பலின் அடிமரம் என்று சொல்லியாக வேண்டும். யாருக்கு எழுதுகிறோம் என்பது தெளிந்தால் எவ்வளவு விளக்குவது என்பதும் தெளியும்.

மூன்றாவது அத்தியாய வரிசை. மரமும் தச்சரும், வாணிகம், விற்பனை, பயணம், பின்விளைவு என ஐந்து தாள்களில் தலைப்பிட்டு, ஒவ்வொன்றின் கீழும் அது விடைகூற வேண்டிய ஒரே வினாவை எழுதுக. தெரிந்ததை ஒருபுறமும் தேடவேண்டியதை மறுபுறமும் குறிக்க. வெறுமையாய் நிற்கும் பக்கமே நாளை எங்கே போக வேண்டும் என்பதைக் காட்டும்.

இறுதியாக, தேடும் ஒழுங்கு. அச்சேறிய பத்திரிகைகளைப் பிறகும் பார்க்கலாம் என்பர். ஆனால் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தமையை நாம் அறிவோம். ஏடும் நிலையன்று, மனிதர் அதனினும் நிலையற்றவர். அன்று கடல் கடந்தவர்களிடம் கதை கேட்ட மக்களும் பேரரும் இன்று முதுமை எய்திவிட்டனர். ஆகவே முதியோர் வாய்மொழியை முதலிற் பதிவு செய்க. சொன்னவர் பெயரையும் நாளையும் உடன் குறிக்க. ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடும் அக்காலப் பத்திரிகையோடும் ஒப்பிட்ட பின்னரே உண்மை எனக் கொள்க.

திட்டம் விலங்கு அன்று. புதிய சான்று கிடைத்தால் அத்தியாயம் இடம் மாறலாம். ஒன்று நீங்கவும் செய்யலாம். தாளில் மாற்றுவது எளிது. நூறு பக்கம் எழுதியபின் மாற்றுவது அரிது.

வரும் விடுமுறையில் நூல் தொடங்க எண்ணுவோர், முதல் வாக்கியத்தைத் தேடி அலைய வேண்டா. ஐந்து தாள்களும் ஐந்து வினாக்களும் எடுத்துக்கொண்டு, அயலில் உள்ள மிக முதியவரின் வீட்டுக்குச் செல்க. எழுதுவதற்கு நாள் இருக்கிறது; கேட்பதற்கு அவ்வளவு இல்லை.