காருக்குள் மழைநீர்: கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஐப்பசி பிறந்ததும் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வணிகர்களாகிய நாம் சரக்குக்குத் தார்ப்பாய் போட்டுவிடுகிறோம். காரை மறந்துவிடுகிறோம். கணக்குப் புத்தகமும் சாம்பிள் மூட்டையும் அதில்தானே வருகின்றன!

கண்டெய்னர் லாரித் தூசியும் உப்புக் காற்றும் நம் பகுதிக் கார்களுக்கு இரட்டைப் பகை. வைப்பருக்கு அடியிலுள்ள பள்ளத்திலும், கதவின் அடி ஓரத் துளைகளிலும் தூசியும் சருகும் அடைத்துக்கொள்ள, வெளியேற வேண்டிய நீர் உள்ளே வழிகிறது. கதவுக்குள் மழைநீர் இறங்குவது இயல்பே. அது வெளியேறத்தான் அந்தத் துளைகள். அவற்றை ஓட்டை என்று அடைத்துக் கூலி வாங்குவோரும் உண்டு!

நீர் நுழையும் இடம் ஒன்று, தேங்கும் இடம் வேறு. முன் கண்ணாடி ரப்பரில் நுழைந்தது காலடியில் தெரியும். எனவே பசை வாங்கும் முன் சோதித்துப் பார்ப்போம். உட்புறத்தை உலர்த்தி, ஒருவர் டார்ச்சுடன் உள்ளே அமர, மற்றவர் ஹோஸ் குழாயால் கீழிருந்து மேலாக ஒவ்வோர் இடமாக, நிதானமாக நீர் விட வேண்டும். கூரையில் ஊற்றினால் எல்லாம் நனைந்து, கசிந்த இடம் புலப்படாது. மழையில்லா நாளிலும் ஈரமென்றால் ஏ.சி. நீர்க்குழாய் அடைப்பைப் பார்க்கவும்.

அடைப்பெடுக்க மெல்லிய பிளாஸ்டிக் குழாய் போதும். இரும்புக் கம்பி பெயின்ட்டைக் கீறினால் நம் ஊரில் துரு சீக்கிரமே வந்துவிடும். மேட்டுக்கு அடியிலுள்ள பஞ்சையும் வெளியே எடுத்துக் காய வைக்க வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எண்ணூரில் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்ததே, அதுபோல் தெருநீர் ஏறிய கார் என்றால் கதை வேறு. சாவியைத் திருப்பாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றி, இன்சூரன்சுக்குப் புகைப்படம் எடுத்துவிட்டு மெக்கானிக்கை அழைக்கவும்.