உஷார்! ராவோடு ராவாக ரெடியாகும் ஆய்வேடு

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை மாடிகளை அண்ணாந்து பாருங்கள். 'பிஎச்.டி. கைடன்ஸ், புராஜெக்ட், ஜர்னல் பப்ளிகேஷன்' என்று போர்டு தொங்கும். பத்து வருஷம் முன்னால் அந்த மாதிரி சென்டரில் நாலு பேர் இருப்பார்கள். டைப் அடிக்க ஒரு பெண், எஸ்.பி.எஸ்.எஸ். போட்டு டேபிள் எடுக்க ஒரு பையன், இங்கிலீஷ் திருத்த ரிட்டயர்டு வாத்தியார், பைண்டிங்குக்கு ஓர் ஆள். அப்போதும் தில்லுமுல்லு உண்டு. ஆனாலும் வாத்தியார் ஒருத்தராவது ஆய்வேட்டை முழுசாகப் படித்திருப்பார்.

இன்றைக்கு வாத்தியார் நாற்காலியில் பார்சல் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஒரு பையன், ஒரு லேப்டாப், ரெண்டு மூணு ஏ.ஐ. சந்தா, வாட்ஸ்அப்பில் ஆர்டர். சென்டர் மாடர்ன் ஆகிவிட்டதாம். பீஸ் மட்டும் குறையவில்லை.

எங்கள் உறவில் ஒரு பெண். சின்னாளபட்டி சுங்குடித் தொழிலாளர்கள் 300 பேரிடம் விவரம் கேட்க வேண்டும். வெயிலில் அலைந்து 60 பேரை முடித்திருந்தாள். "மீதிய நாங்க பாத்துக்கிறோம்க்கா" என்றார்கள் சென்டரில். மறுநாள் காலையில் 240 படிவம் தயார்! புரட்டிப் பார்த்தேன். ஓர் அம்மாவுக்கு வயது 41, தொழில் அனுபவம் 38 வருடம். மூணு வயசில் முடிச்சுப் போட உட்கார்ந்துவிட்டார் போலிருக்கிறது. மேற்கோள் பட்டியலில் கைத்தறி பற்றிய கட்டுரை ஒன்று. இதழ் நிஜம், பக்க எண்ணும் நிஜம். அந்தப் பக்கத்தைத் திறந்தால் மீன் வளர்ப்பு.

அடுத்த வலை, "ஒப்புமை பெர்சன்டேஜ் குறைச்சுத் தர்றோம்". சொற்களை மிஷின் மாற்றிப்போட்டால் என்ன ஆகும்? மார்பகப் புற்றுநோய்க்கு இங்கிலீஷில் 'புசம் பெரில்' (bosom peril) என்று எழுதிய கட்டுரைகள் உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கின்றன. 2023-ல் மட்டும் ஹிந்தாவி இதழ்களில் வந்த 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை வைலி நிறுவனம் வாபஸ் வாங்கியது. 'யு.ஜி.சி. கேர் லிஸ்ட் ஜர்னல்' என்று இன்னமும் காசு கேட்டால் சிரித்துவிட்டு வாருங்கள். அந்தப் பட்டியலையே 2025 பிப்ரவரியில் யு.ஜி.சி. கைவிட்டுவிட்டது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. முன்கூட்டியே 'செக்' பண்ணுகிறேன் என்று ஒப்புமை சோதிக்கும் டர்னிட்டின் மென்பொருளில் யாரோ ஒருவரின் கணக்கில் உங்கள் ஆய்வேட்டை ஏற்றுகிறார்கள். அது அங்கேயே சேமிப்பில் தங்கிவிட்டால், பிறகு பல்கலைக்கழகம் சோதிக்கும்போது நீங்கள் எழுதியதே உங்களுக்கு எதிராகத் திருட்டாகக் காட்டும்.

காந்திகிராமமோ, காமராசரோ, கொடைக்கானல் அன்னை தெரசாவோ, எந்தப் பல்கலைக்கழகத்தில் பதிந்திருந்தாலும் யு.ஜி.சி.யின் 2018 விதி ஒன்றுதான். ஒப்புமை 10 சதவீதம் தாண்டினால் திருத்தித் தர வேண்டும். 40 தாண்டினால் ஒரு வருடம் சமர்ப்பிக்க முடியாது. 60 தாண்டினால் பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பிறகு நிரூபணமானாலும் அதை நிறுத்திவைக்க இடமுண்டு. இதில் எங்கேயும் சென்டர்காரன் பெயர் வராது; கையெழுத்து உங்களுடையது.

ஏற்கெனவே கொடுத்திருக்கிறீர்களா? இன்றைக்கே ஃபைலைத் திரும்ப வாங்குங்கள். மேற்கோள் ஒவ்வொன்றின் டி.ஓ.ஐ. எண்ணையும் நீங்களே தட்டிப் பாருங்கள். கட்டுரை வரவில்லையென்றால், சினாப்சிஸ் கொடுக்கும் முன்பே கைடிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.