டேன்ஜென்ட் ஏற்காத கோணம்

கால்குலேட்டரில் 89 பாகையின் டேன்ஜென்ட் மதிப்பைக் கேளுங்கள்: 57.29 வரும். 89.9-க்கு 572.96. 89.99-க்கு 5,729.58. 90 என்று கொடுத்தால் பிழை என்று நின்றுவிடும். கருவியில் கோளாறு இல்லை. அந்தக் கோணத்துக்கு டேன்ஜென்ட்டிடம் விடையே கிடையாது. ஒரு சார்பு எந்தெந்த உள்ளீடுகளை ஏற்கும் என்பது அதன் சார்பகம். என்னென்ன விடைகளைத் தரும் என்பது வீச்சகம்.

பள்ளியில் இவற்றை ஆறு வரி அட்டவணையாக மனப்பாடம் செய்கிறார்கள். அது தேவையே இல்லை. ஆரம் 1 உள்ள ஒரு வட்டம் போதும். மையத்திலிருந்து, கிடைக்கோட்டுக்கு ஏதோ ஒரு கோணத்தில் ஆரம் ஒன்றை வரையுங்கள். அதன் நுனி இருக்கும் உயரம் சைன். பக்கவாட்டில் தள்ளியிருக்கும் தொலைவு கொசைன். ஆரத்தை எந்தக் கோணத்துக்கும் சுழற்றலாம் என்பதால் இரண்டின் சார்பகமும் எல்லா மெய்யெண்கள். நுனி வட்டத்தைத் தாண்டாது என்பதால் வீச்சகம் −1 முதல் 1 வரை.

சைனைக் கொசைனால் வகுத்தால் டேன்ஜென்ட். ஆரம் செங்குத்தாக நிற்கும் 90, 270 போன்ற கோணங்களில் கொசைன் பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க வழியில்லை. எனவே அவை சார்பகத்தில் சேரா. அவற்றை நெருங்க நெருங்க ஈவு கட்டின்றிப் பெருகுவதால் வீச்சகம் மட்டும் எல்லா மெய்யெண்கள். சீகன்ட்டுக்கும் அதே கோணங்கள்தான் தடை. 1-ஐக் கொசைனால் வகுப்பதால், −1-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண் எதுவும் அதில் விடையாக வராது. கோடேன்ஜென்ட், கொசீகன்ட் இரண்டுக்கும் சைன் பூச்சியமாகும் இடங்கள் தடை.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இனிதான். சைனின் 3 மடங்கையும் கொசைனின் 4 மடங்கையும் கூட்டினால் மிகப்பெரிய மதிப்பு என்ன? பலரும் சட்டென்று 7 என்பார்கள். ஆனால் சைன் 1 ஆகும்போது கொசைன் 0. கொசைன் 1 ஆகும்போது சைன் 0. இரண்டும் ஒருசேர உச்சம் தொட வட்டம் இடம் தராது. 3, 4 பக்கங்கள் கொண்ட செங்கோண முக்கோணத்தின் கர்ணமான 5-தான் உச்சம். ஏறத்தாழ 36.87 பாகையில் சைன் 0.6, கொசைன் 0.8, கூட்டினால் 1.8-உம் 3.2-உம் சேர்ந்து 5. வீச்சகம் −5 முதல் 5 வரை.

சைன் மதிப்பைக் கொடுத்தால் கோணத்தைத் தரும் நேர்மாறு சைனில் சார்பகமும் வீச்சகமும் இடம் மாறுகின்றன. அது −1 முதல் 1 வரையே ஏற்கும். 2-ஐக் கொடுத்தால் பிழை. 30 பாகைக்கும் 150 பாகைக்கும் சைன் 0.5-தான். சார்பு ஓர் உள்ளீட்டுக்கு ஒரே விடை தரவேண்டும் என்பதால், அதன் வீச்சகத்தை −90 முதல் 90 பாகை வரை என்று வரையறுத்திருக்கிறார்கள். அதனால் 0.5-க்கு அது 30 மட்டுமே காட்டும். 150 வேண்டுமானால் 180-இலிருந்து 30-ஐ நாமேதான் கழிக்க வேண்டும்.