உங்களுக்குத் தெரியுமா? மாமல்லனை நம்மவனாக்கிய திரைப்படம்

மாமல்லபுரம் தர்மராஜ ரதத்தின் சுவரில், சிற்பங்களுக்கு அருகே, பல்லவரின் பட்டப்பெயர்கள் கிரந்த எழுத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன, மொழி சமஸ்கிருதம். ஆனாலும் மாமல்லன் எனப்பட்ட பல்லவ மன்னன் நரசிம்மவர்மனைத் தமிழ் மன்னனாகவே நெஞ்சில் வைத்திருக்கிறோம். அதில் கல்கியின் ‘பார்த்திபன் கனவு’ நாவலுக்கும், 1960இல் வந்த அதன் திரைப்படத்துக்கும் பெரும் பங்குண்டு. மாமல்லனுக்குக் கப்பம் கட்ட மறுத்து மடியும் சோழன் பார்த்திபனின் சுதந்திரக் கனவைக் கல்கி எழுதியது வெள்ளையர் ஆட்சிக் காலத்தில். பழைய மன்னனைத் திரையில் தம்மவனாக்கிக்கொள்வது நாம் மட்டுமல்ல: பல்கேரியர்களும் தங்கள் அரசின் 1300ஆம் ஆண்டையொட்டி, அதை நிறுவிய மன்னனைப் பற்றி 1981இல் ‘கான் அஸ்பாருக்’ படத்தை எடுத்தார்கள்.

பார்த்திபன் வெறும் கற்பனைதானே என்பார்கள். உண்மைதான். ஆனால் 642 வாக்கில் வாதாபியை வென்ற நரசிம்மவர்மன் கற்பனையல்ல. அவன் கல்வெட்டு, அன்றைய வாதாபியான பாதாமியிலேயே இருக்கிறது. படத்தை ரசித்தவர்கள், மாமல்லபுரம் போனால் அந்த ரதத்தின் எழுத்துகளையும் நின்று பாருங்கள்.