எச்.எம்.டி: சாவிக் கடிகாரத்தின் கதை

கடைசல் எந்திரம் போன்ற பொறிக்கருவிகளை உள்நாட்டிலேயே செய்துகொள்ள வேண்டும் என்ற நோக்கத்துடன் 1953இல் பெங்களூரில் நிறுவப்பட்ட அரசு நிறுவனமான இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் (எச்.எம்.டி.), 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு கைக்கடிகாரத் தயாரிப்பில் இறங்கியது. முதல் தொகுதிக் கடிகாரங்களைப் பிரதமர் ஜவகர்லால் நேரு வெளியிட்டார். உலோகத்தை நுண்ணிய அளவுக்குக் கடைந்தெடுக்கும் திறனே இரு தொழில்களுக்கும் அடிப்படை என்பதால், இது பொருத்தமான விரிவாக்கமே.

இந்நிறுவனத்தின் பெயரை வீடுதோறும் கொண்டுசேர்த்த ‘ஜனதா’, நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய வகையைச் சேர்ந்தது. பக்கவாட்டுத் திருகைச் சுழற்றும்போது, உருளைப் பெட்டிக்குள் இருக்கும் எஃகுச் சுருள்வில் இறுகி ஆற்றலைச் சேமிக்கிறது. அவ்வாற்றல் பற்சக்கர வரிசை வழியே முட்களை நோக்கிப் பாய்கிறது. தடை ஏதும் இல்லையெனில் வில் நொடிகளில் தளர்ந்துவிடும் என்பதால், மயிரிழை போன்ற மற்றொரு சுருளின் துணையுடன் இருபுறமும் ஊசலாடும் சமனிச் சக்கரமும், அதன் அசைவுக்கேற்ப ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் கவை வடிவ நெம்புகோலும் அந்த ஆற்றலை அளந்து செலவிடுகின்றன. மணிக்கு 18,000 முறை, அதாவது நொடிக்கு ஐந்து முறை, நிகழும் இவ்விடுவிப்பையே நாம் ‘டிக் டிக்’ ஒலியாகக் கேட்கிறோம். முகப்பில் பெருமையுடன் அச்சிடப்பட்ட ‘17 ஜுவல்ஸ்’ என்பது அலங்காரக் கற்களைக் குறிப்பதன்று. அச்சுகள் தேயாமல் சுழல்வதற்காகப் பொருத்தப்பட்ட செயற்கை மாணிக்கத் தாங்கிகளையே அது குறிக்கும்.

மின்கலத்தால் இயங்கி, நொடிக்கு 32,768 முறை அதிரும் படிகத்தைக் கொண்டு நேரம் கணிக்கும் குவார்ட்ஸ் கடிகாரம் பரவியபோது நிலைமை மாறியது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் 1984இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையிலிருந்து குவார்ட்ஸையும் புதிய வடிவங்களையும் முன்னிறுத்திச் சந்தையைக் கைப்பற்றியது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் கடிகாரங்களைத் தயாரித்தது; ஆயினும் சாவிக் கடிகாரத்தின் மீதே நெடுங்காலம் நம்பிக்கை வைத்திருந்தது. தொடர்ந்த நட்டத்தின் காரணமாக, அதன் கைக்கடிகாரப் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது.

நிறுவனம் தோற்றதற்குக் கடிகாரத்தின் தரம் காரணமன்று, காலத்தோடு மாறாத நிர்வாகமே காரணம். எண்ணெயிட்டுத் துடைத்துச் சாவி கொடுத்தால் பழைய ஜனதா இன்றும் ஓடுவதே அந்தத் தரத்துக்குச் சான்று.