தொட்டி பெரிதானால் உற்பத்தி பெருகுமா?

நாவுலயில் எங்கட வீட்டுக்குப் பின்னால் மச்சான் சின்னதாக ஒரு யோகட் கொட்டில் நடத்துகிறார். போன நோன்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது வந்து, "150 லீற்றர் பிடிக்கிற சில்வர் தொட்டி ஒன்று பார்த்து வெச்சிருக்கன். சீட்டுக் காசு முழுக்கப் போகும். என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். நான் உணவுத் தொழினுட்பம் படித்தவன் என்பதால் வந்த கேள்வி. பதில் சொல்லாமல், மணிக்கூட்டோடு ஒரு நாள் முழுக்கக் கொட்டிலில் இருந்தேன்.

அவரிடம் இருந்தது 50 லீற்றர் தொட்டி. பாலை 90 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி, 43க்கு ஆறவிட்டு, உறை சேர்த்து, கப்புகளில் ஊற்றி, தொட்டியைக் கழுவி வைக்க மொத்தம் 2 மணித்தியாலம். பிறகு கப்புகள் சூட்டு அலுமாரியில் 4 மணித்தியாலம் இருந்தால்தான் உறையும். அலுமாரி 80 மில்லிலீற்றர் கப்புகளில் 600 கொள்ளும். அதாவது 48 லீற்றர், ஒரு தொட்டிப் பால். ஆக, தொட்டி பாதி நேரம் சும்மா கிடக்கிறது. அலுமாரிதான் முட்டுக்கட்டை. தொட்டியை 150 லீற்றராக்கினால் 100 லீற்றர் வெளியில் நிற்கும். உறை சேர்த்த பால் யாருக்காகவும் காத்திருக்காது. முந்திய நோன்பில் அவசரத்துக்கு இரண்டு தொட்டிப் பாலுக்கு ஒன்றாக உறையிட்டு, ஒன்றை வாய்க்காலில் ஊற்றியதை மச்சானே சொல்லியிருக்கிறார்.

இன்னொரு கணக்கும் உண்டு. தொட்டியின் நீள, அகல, உயரத்தை இரட்டித்தால் கொள்ளளவு 8 மடங்காகும். சூடு வெளியேறும் மேற்பரப்போ 4 மடங்குதான். பெரிய தொட்டி ஆற அதிக நேரமெடுப்பது இதனால்தான்.

மருந்து ஆலைகளிலும் இதே கணக்குத்தான். ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் 1997இல் ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியை மரபணு மாற்றிய ஈஸ்ட்டைக் கொண்டு இந்தியாவிலேயே தயாரித்து, இறக்குமதி ஊசியைவிட மிகக் குறைந்த விலைக்குக் கொடுத்தது. இப்படியான ஆலையில் ஈஸ்ட்டை வளர்ப்பது பாதி வேலை. செல்களை உடைத்து, தேவையான புரதத்தை மட்டும் பிரித்துச் சுத்திகரிக்க வேண்டும். வளர்க்கும் கலனை மட்டும் பெரிதாக்கினால் புரதம் வரிசையில் நின்றே கெட்டுவிடும்.

விலங்கு உயிரணுக்களில் செய்கிற மருந்துகளில் பிரச்சினை தலைகீழ். அங்கே வளர்ப்புத்தான் நாட்கணக்கில் இழுக்கும். கழுவுதல், கிருமி நீக்கம் உட்பட அதற்கு 14 நாள், சுத்திகரிப்புக்கு 2 நாள் என்று வைத்துக்கொள்வோம். 7 கலன்களை இரண்டு நாளுக்கொன்றாகத் தொடங்கினால், ஒரே சுத்திகரிப்பு வரிசை ஓயாமல் வேலை செய்யும். ஒரு கலன் பழுதானாலும் மற்ற ஆறும் ஓடும். ஒரே ஒரு பெரிய கலனில் அந்த நிம்மதி இல்லை.

சரி, நோன்புக்கு ஏறும் தேவைக்கு என்ன செய்வது? ஒரு மாதத் தேவைக்கு அளவெடுத்து வாங்கிய சாமான் மிச்சம் 11 மாதமும் காசைத் தின்றுகொண்டு நிற்கும். அந்த ஒரு மாதத்துக்கு வேலை நேரத்தைக் கூட்டுவதுதான் மலிவு.

மச்சான் தொட்டியை விட்டுவிட்டு, தச்சரைப் பிடித்து இரண்டாவது அலுமாரி அடித்தார். 600 கப் வந்த நேரத்தில் 1200 வந்தது. நோன்பு மூன்றாம் நாளே மறுபடி வந்தார். "பிரிட்ஜில நடுவில வெச்ச கப்பெல்லாம் புளிக்குது."

இந்த முறை மணிக்கூட்டோடு வெப்பமானியையும் எடுத்துக்கொண்டு போனேன்.